சென்னை – இலண்டன்: பயணச்சீட்டில் ஆறு மணி நேரம்கூட இல்லையே?

சத்துவாச்சாரிவாசி:
வணக்கம். வருகிற ஜனவரி 12-ஆம் தேதி நானும் என் மனைவியும் மகளைப் பார்க்க முதன்முறையாக இலண்டன் செல்கிறோம். சென்னையில் காலை 5.35-க்குப் புறப்பாடு, அதே நாள் 11.20-க்கு இலண்டன் என்று பயணச்சீட்டில் உள்ளது. மகளோ பதினொரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறாள். திரும்பும்போது அங்கே பிற்பகல் 1.30-க்கு ஏறினால், மறுநாள் விடியற்காலை 5 மணிக்குத்தான் சென்னையாம். உண்மையில் தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? வேலூரிலிருந்து எப்போது கிளம்புவது?

வாலாஜாகணக்கர்:
ஐயா, மகள் சொல்வதே சரி. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் நம் கடிகாரப்படி, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. குளிர்காலத்தில் இலண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நீங்கள் இறங்கும்போது இங்கே மாலை 4.50, ஆகப் பயணம் 11 மணி 15 நிமிடம். இதே கணக்கில் திரும்பும் பயணம் 10 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால், அப்போது வித்தியாசம் நான்கரை மணிதான்.

காட்பாடிபுவியியல்:
தூரம் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். சுவரில் மாட்டும் வரைபடத்தில் கோடு போட்டால் வழி அரபிக்கடல், அரேபியா என்று போகும். உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், அது சிந்து, காஸ்பியன் கடல், உக்ரைன் என்று வடக்கே வளைந்து போவதையும், முந்தையதைவிட இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் குறைவதையும் காணலாம். ஆனால் 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், நூல் காட்டும் வழியில் அப்படியே பறக்க முடியாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது மணி நேரத்தில் முடிய வேண்டியது நீள்வதற்கு இந்தச் சுற்றும் ஒரு காரணம். மற்றொன்று, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று. போகும்போது எதிர்க்காற்றாக இருப்பதே வரும்போது பின்னிருந்து தள்ளிவிடும். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும்.

ஆற்காட்டுக்காரர்:
தேதியைக் கவனியுங்கள் ஐயா. எங்கள் உறவினர் ஒருவர் இதுபோன்ற விடியற்காலைப் பயணத்துக்கு, சீட்டில் இருந்த தேதியன்று இரவுச் சாப்பாடு முடித்துக் கிளம்பலாம் என்று இருந்துவிட்டார். விமானமோ அன்று காலையிலேயே போய்விட்டது! நீங்கள் 11-ஆம் தேதி இரவே கிளம்ப வேண்டும். மீனம்பாக்கம் சுமார் 135 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும் என்பதால், பதினொரு மணிக்கு மேல் வீட்டில் இருக்காதீர்கள்.

சத்துவாச்சாரிவாசி:
மிக்க நன்றி. நானும் 12-ஆம் தேதிக்குத்தான் கார் சொல்லியிருந்தேன். இப்போதுதான் பேசி 11-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு மாற்றினேன்.