ஸ்காண்டிநேவியக் கோடைப் பயணம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்

ஜூன் கடைசியில் அப்பா அம்மாவோடு கோபன்ஹேகன் (டென்மார்க்), ஸ்டாக்ஹோம் (ஸ்வீடன்), ஓஸ்லோ, பெர்கன் (இரண்டும் நார்வே) போகத் திட்டம். பத்து நாளுக்குள் முடிக்க வேண்டும். இரவிலும் மறையாத நள்ளிரவுச் சூரியனுக்காக, வடக்கு நார்வேயில் உள்ள ட்ரொம்சோவையும் சேர்க்கலாமா என்று யோசனை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கையில் இருக்கிறது. அங்கே யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது, எதை மாற்றிப் போட்டால் நல்லது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

கோவையிலிருந்து

இதே நான்கு ஊர்களுக்குத்தான் நானும் என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபன்ஹேகனில் போய் இறங்குங்கள், திரும்பும்போது பெர்கனில் விமானம் ஏறுங்கள். இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் பிடித்தால் ஒரு முழு நாள் அதிலேயே போய்விடும்.

நடுவில் எல்லாமே ரயில்தான். கோபன்ஹேகனிலிருந்து ஸ்டாக்ஹோம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ஓஸ்லோ ஐந்தரை, ஆறு மணி நேரம். ஓஸ்லோவிலிருந்து பெர்கன் ஏழு மணி நேரம் போல ஆகும். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஜூனில் ஸ்டாக்ஹோமில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிறது. மதியம் முழுக்க ரயிலில் உட்கார்ந்து மாலை ஆறு மணிக்கு இறங்கினாலும், பெட்டியை அறையில் போட்டுவிட்டுக் கிளம்பினால் நான்கு மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கும். அந்நேரம் மியூசியங்களை மூடியிருப்பார்கள். ஆனால் தெருவும் தண்ணீரும் குன்றும் திறந்துதான் கிடக்கும். அதனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதைக் காலையில் வையுங்கள், நடந்து பார்க்க வேண்டியதை இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் வையுங்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பத்து நாள் தாராளமாகப் போதும். ஸ்டாக்ஹோமில் சோடர்மால்ம் பக்கம் மோன்டேலியஸ்வேகன் என்ற மேட்டு நடைபாதைக்கு ஒன்பதரை மணிக்குப் போனோம். எதிரே பழைய நகரமும் ஏரியும் பொன்னிறத்தில் தெரிந்தன. பெஞ்சில் இருந்த ஒரு வயதான தம்பதி அம்மாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வேறு எதுவும் பேசவில்லை. அந்த ஊர்க்காரர்கள் தாமாக வந்து பேச மாட்டார்கள், ஆனால் நாம் ஒன்று கேட்டால் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

கோபன்ஹேகனைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எல்லோரும் எழுதிவிட்டார்கள். துறைமுகத்தில் ஓடும் 991, 992 படகுகளுக்குச் சாதாரண பஸ் டிக்கெட்டே போதும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கால் வலிக்காமல் ஊரைப் பார்க்கலாம்.

ஸ்டாக்ஹோமில் வாசா மியூசியத்தைக் கட்டாயம் வையுங்கள். 1628இல் முதல் பயணத்திலேயே, கிளம்பிய இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கிய போர்க்கப்பல் அது. 1961இல் மேலே எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே வாழ முடியாது. 333 வருடம் தண்ணீருக்குள் கிடந்தும் மரம் கெடாததற்கு அது ஒரு பெரிய காரணம். எங்கள் வழிகாட்டிப் பெண் சொன்ன ஒரு விஷயம் அம்மாவை உலுக்கிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே முப்பது பேரைக் கப்பலின் மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் பயங்கரமாக ஆட, சோதனையை நிறுத்திவிட்டார்கள். அப்படியும் கப்பலை அனுப்பினார்கள். ராஜா சீக்கிரம் வேண்டும் என்று கேட்டிருந்தார், அவரோ அப்போது போர்முனையில் இருந்தார். அம்மா என்னிடம் தமிழில், "ராஜாகிட்ட போய் யாரு சொல்றது?" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பெண், "விசாரணை நடத்தியவர்களுக்கும் அதே சிக்கல்தான். கடைசிவரை யாருக்கும் தண்டனை கொடுக்கவில்லை" என்றார். அப்புறம் அம்மா கப்பலைச் சுற்றி இரண்டாவது முறையும் நடந்தார்.

சாப்பாடு: அம்மா சுத்த சைவம். சமையலறை உள்ள அறையாக எடுத்து அரிசி வாங்கிக்கொண்டோம். தயிருக்காக ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி முன்னால் விழித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் என்ன தேடுகிறோம் என்று விசாரித்தார். "புளித்தது, இனிப்பில்லாதது, சோற்றில் பிசைய" என்று விளக்கினேன். பால் பாக்கெட் மாதிரியே இருந்த ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். ஃபில்மியோல்க் என்று பெயர். கடைந்த தயிரின் பதம், லேசான புளிப்பு. அன்று இரவு தயிர்சாதம் பிசைந்து ஊறுகாயோடு சாப்பிட்டோம். ஸ்வீடனில் வார நாட்களில் மதியம் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் பல உணவகங்களில் மதியச் சாப்பாடு ஒரே விலைக்குக் கிடைக்கும், சாலட், ரொட்டி, காபி எல்லாம் அதில் அடக்கம். பெரிய சாப்பாட்டை அப்போது முடித்துக்கொண்டால் செலவு கணிசமாகக் குறையும்.

ஓஸ்லோ–பெர்கன் ரயிலில் இடது பக்க ஜன்னல் கேளுங்கள். ஃபின்சே என்ற நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காரில் போகச் சாலை கிடையாது, ரயில்தான். ஜூனிலும் பனி கிடந்தது. நாங்கள் மிர்டாலில் இறங்கி ஃப்ளோம் ரயிலுக்கு மாறினோம். 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 860 மீட்டருக்கு மேல் கீழே இறங்கும் பாதை. நடுவில் ஷோஸ்ஃபோசென் அருவி முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்துகிறார்கள். எல்லோரும் மேடையில் இறங்கி நிற்க, திடீரென்று பாட்டுச் சத்தம். அருவிக்குப் பக்கத்தில் பாறைமேல் சிவப்புப் புடவை மாதிரி ஏதோ அசைந்தது. பார்த்தால் ஒரு பெண் ஆடுகிறாள்! அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, "மோகினி" என்றார். பக்கத்தில் நின்ற நார்வேக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே, அவள் பெயர் ஹுல்ட்ரா, காட்டில் ஆண்களை மயக்கி இழுத்துப்போவாள், பின்னால் மாட்டு வால் இருக்கும் என்றார். கோடையில் பயணிகளுக்காக நடத்தும் ஆட்டம்தான் அது. ஆனால் மீதி வழி முழுக்க அம்மாவும் அவரும் என்னை இடையில் வைத்துப் பேய்க்கதை பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு அந்தப் பயணத்தில் மிகப் பிடித்த அரை மணி நேரம் அது.

ஃப்ளோமில் ஒரு இரவு தங்குங்கள். அதே நாளில் படகு, பஸ், மறுபடி ரயில் என்று பெர்கன்வரை போக முடியும், பலர் போகிறார்கள். ஆனால் பெட்டிகளோடு பெரியவர்களுக்கு அது சிரமம். மறுநாள் காலை குட்வாங்கனுக்குப் படகு எடுத்தால் நேரோய் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல்) வழியாக இரண்டு மணி நேரம். 2005இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். சில இடங்களில் இரு பக்க மலையும் படகை நெருக்கிக்கொண்டு வருவதுபோல் இருக்கும்.

ஒஸ்லோவிலிருந்து

தங்கச்சி வடிவாக எழுதியிருக்கிறா. நான் யாழ்ப்பாணத்தவன். எண்பதுகளில் இங்கே வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத்தான் பேந்து ஒஸ்லோவுக்கு வந்தேன். அதனால் நள்ளிரவுச் சூரியனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அது ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேதான். ட்ரொம்சோவுக்கு ரயில் பாதையே இல்லை, விமானத்தில்தான் போகவேணும். முகில் மூடியிருந்தால் சூரியனைக் காணவும் முடியாது. பத்து நாளுக்குள் அதைச் சேர்த்தால் பெர்கனையோ ஸ்டாக்ஹோமையோ ஓட்டத்தில்தான் பார்ப்பீர்கள். வடக்குக்கு என்று தனியாக ஒருமுறை வாருங்கோ. அதற்குத் தகுந்த இடம் அது.

போன கோடையில் மத்திய ரயில் நிலையத்தில் ஒரு சென்னைக் குடும்பத்தைக் கண்டேன். கையில் டிக்கெட், பலகையில் ரயில் இல்லை. பிள்ளைகள் அழுகிற நிலை. தமிழில் கதைத்த சத்தம் கேட்டுத்தான் கிட்டப் போனேன். இங்கே கோடையில், விசேஷமாக ஜூலையில், தண்டவாள வேலைக்காகச் சில வாரங்களுக்குப் பாதைகளை மூடுவார்கள். அந்தத் துண்டுக்கு மட்டும் பஸ் விடுவார்கள். டிக்கெட் அதேதான். பஸ் வெளியே நின்றது, அவர்களைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். டிக்கெட் எடுக்கும்போதும், பயணத்துக்கு முதல் நாளும் உங்கள் ரயிலை ஒருக்கா சரிபாருங்கோ.

ஒஸ்லோவில் வைக்கிங் கப்பல் மியூசியம் என்று பழைய பட்டியல்களில் இருக்கும். புதிய கட்டடத்துக்காக 2022இல் அதை மூடினார்கள். திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கோ. வெயில் எறித்தால் ஹோவெடோயா தீவுக்குப் போங்கோ. நகரப் பேருந்து டிக்கெட்டிலேயே படகு. 1147இல் கட்டிய துறவிமடத்தின் இடிபாடு அங்கே உண்டு, குளிக்கலாம், புல்லில் இருந்து சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பாதி ஒஸ்லோ அங்கேதான் நிற்கும். அம்மாவின் தயிருக்கு இங்கே குல்துர்மெல்க் என்று கேளுங்கோ.

மால்மோவிலிருந்து

இங்கே படிக்கிறேன். கோபன்ஹேகனில் அறை விலை பயமுறுத்தினால் மால்மோவில் தங்கலாம், பாலம் தாண்டி ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். 2000இல் திறந்த பாலம் அது. ஆனால் பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும். டென்மார்க்கிலிருந்து வரும் ரயிலில், ஸ்வீடன் பக்க முதல் நிலையமான ஹில்லியில் போலீஸ் ஏறிச் சோதிப்பது 2015இல் தொடங்கியது. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றுதானே என்று பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வந்த ஒரு குடும்பத்தை என் கண் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் இறக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, ஜூன் 19இலிருந்து 25க்குள் வரும் வெள்ளிக்கிழமை மிட்சம்மர் ஈவ், அதாவது ஸ்வீடனின் நடுக்கோடை விழா. அன்று ஸ்டாக்ஹோமில் இருந்தால் கடை, உணவகம் பாதிக்கு மேல் மூடியிருக்கும், ஆட்களெல்லாம் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். சாப்பாட்டுச் சாமானை முதல் நாளே வாங்கிவிட்டு ஸ்கான்சென் பூங்காவுக்குப் போங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை என்னை அவர்கள் கிராமத்துக்கே கூட்டிப்போனார். இலையும் பூவும் சுற்றிய கம்பத்தைச் சுற்றிப் பாட்டி, பேரன் எல்லோரும் தவளை மாதிரிக் குதித்துக் குதித்து ஆடினார்கள். வெந்தயக்கீரையை நினைவூட்டும் ஏதோ ஒரு கீரை தூவிய புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி கேக். ஒரு வருடமாக வணக்கத்தைத் தாண்டிப் பேசாத மனிதர் ஒருவர் அன்று என் தலையில் பூவளையம் வைத்தார்.

ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. நாள் குறைந்தால் ஸ்டாக்ஹோமை விட்டுவிடுங்கள். கோபன்ஹேகனிலிருந்து கோதன்பர்க் வழியாக ஓஸ்லோ போனால் பாதை நேராக இருக்கும், அலைச்சல் குறைவு.

கோவையிலிருந்து

தம்பி சொல்வது பாதைக்குச் சரி. ஆனால் பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் வாசாவை விட எனக்கு மனம் வராது. ஸ்டாக்ஹோம் இருக்கட்டும், ஓஸ்லோவை ஒரே இரவாகக் குறையுங்கள். ஒஸ்லோ அண்ணன் மன்னிக்க வேண்டும்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ட்ரொம்சோவை எடுத்துவிட்டோம். அப்படியானால் விசா எந்த நாட்டுக்குப் போட வேண்டும்? முதலில் இறங்குவது டென்மார்க் ஆயிற்றே.

ஒஸ்லோவிலிருந்து

எந்த நாட்டில் கூடின நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக்கு. சமமாக வந்தால்தான் முதலில் நுழைகிற நாடு. ஒஸ்லோ, ஃப்ளோம், பெர்கன் எல்லாம் சேர்ந்தால் உங்களுக்கு நோர்வேதான் வரும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கவேணும். கோடைக்கு முன்னால் நேர்காணல் நேரம் கிடைப்பது கஷ்டம், இப்பவே பதிவு செய்யுங்கோ. பெர்கனுக்கு எல்லோருக்கும் மழைச்சட்டை கொண்டுவாருங்கோ, அங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மழை நாள்தான்.