தண்ணீர்த் தொட்டித் தேன்கூடும் மணியின் வீங்கிய முகமும்

*குடியிருப்போர் குழு, ஞாயிற்றுக்கிழமை*

ஏ2 தம்பி, காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே கட்டியிருக்கும் மலைத்தேனீக் கூட்டிலிருந்து வந்த ஈ ஒன்று எங்கள் நாய் மணியை மேலுதட்டில் கொட்டிவிட்டது. அரை மணி நேரத்திற்குள் மூக்கும் வலது கண்ணும் வீங்கிவிட்டன. முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, எச்சில் ஒழுக நிற்கிறான். டாக்டர் அக்கா பார்த்தால் உடனே சொல்லுங்கள்.

தரைத்தளப் பெரியவர், 7.15
தம்பி, கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுங்கள். எங்கள் ஊரில் காலங்காலமாக அதைத்தான் செய்கிறோம்.

சி1 கால்நடை மருத்துவர், 7.18
ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். நஞ்சு தோலுக்குள் இறங்கிவிட்ட பிறகு மேலே பூசுவது எதுவும் அதை முறிக்காது. நாய் அதை நக்கினால் நாக்கும் வாயும் வெந்துவிடும். தம்பி, முதலில் உதட்டு முடியை விலக்கிக் கருப்பு முள் போன்ற கொடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் அது தோலில் சிக்கி, நச்சுப்பையோடு அறுந்து நின்றுவிடும். ஈ போன பிறகும் அந்தப் பை துடித்து நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். பெரும்பகுதி முதல் அரை நிமிடத்திலேயே இறங்கிவிடுவதால், நகத்தால் கிள்ளுவதா அட்டையால் வழிப்பதா என்று யோசிக்காமல் விரைந்து எடுப்பதே முக்கியம். இப்போது நேரம் கடந்திருந்தாலும் எடுத்துவிட்டு, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றுங்கள்.

ஏ2 தம்பி, 7.26
கொடுக்கை எடுத்துவிட்டேன், அக்கா. வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது, பாதி கொடுக்கலாமா?

சி1 கால்நடை மருத்துவர், 7.27
கூடவே கூடாது. பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை மாத்திரையைக்கூட எடையைக் கணக்கிட்டுத்தான் தர வேண்டும். முகம் வீங்குவது பார்க்கப் பயமாக இருந்தாலும், எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறு. மனிதருக்குத் தீவிர ஒவ்வாமையில் மூச்சு முட்டுவது பெரிதாகத் தெரியும். நாய்க்கோ ஈரலும் குடலும் முதலில் பாதிக்கப்படுவதால், வாந்தியும் வயிற்றுப்போக்குமே பல சமயம் முதல் எச்சரிக்கையாக வரும். அதைத் தொடர்ந்து ஈறு வெளுத்து, கால் தள்ளாடி, சரிந்து விழுந்துவிடும். வாந்தி எடுத்தானா?

ஏ2 தம்பி, 7.29
இப்போதுதான் இரண்டு முறை எடுத்தான்.

சி1 கால்நடை மருத்துவர், 7.29
ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். காரை எடுங்கள், நானும் கூடவே வருகிறேன்.

பி3 அம்மா, 7.41
இதைப் படிக்கும்போதே கை நடுங்குகிறது. பிள்ளைகளை மாடியில் விளையாட விட்டுக்கொண்டிருந்தோமே! குழந்தையைக் கொட்டினால் எதைப் பார்க்க வேண்டும்?

பி4 செவிலியர் அக்கா, 7.50
கொட்டிய இடம் சிவந்து வீங்குவது இயல்புதான்; இரண்டாம் நாள் வீக்கம் கூடுவதும் உண்டு. கொடுக்கை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, குளிர் ஒத்தடம் கொடுங்கள். விரலில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆனால் கொட்டிய இடத்தை விட்டு உடலில் வேறெங்காவது தடிப்பு, நாக்கு அல்லது உதட்டு வீக்கம், குரல் கம்மல், இளைப்பு, தொடர்ந்து வாந்தி, தலைசுற்றல் என்று எது தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். அந்தத் தீவிர ஒவ்வாமைக்கு உயிர்காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெரும் ஆபத்து. ஆம்புலன்ஸ் வரும்வரை குழந்தையை நடக்க விடாமல் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். வாய்க்குள் கொட்டினாலோ, பல ஈக்கள் சேர்ந்து கொட்டினாலோ, அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நஞ்சு மிகுதியானால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும், சிறுநீர் கருத்துப் போவது அதன் அடையாளம்.

தரைத்தளப் பெரியவர், 8.05
கூட்டமாகத் துரத்தினால் என்னம்மா செய்வது?

பி4 செவிலியர் அக்கா, 8.08
முகத்தை மூடிக்கொண்டு ஓடி, ஏதாவது ஓர் அறைக்குள் புகுந்து கதவை அடைத்துவிடுங்கள், ஐயா. ஒரு ஈ கொட்டியவுடன் வெளிப்படும் வாடை மற்ற ஈக்களையும் அழைப்பதால், நின்று அடிப்பது கூட்டத்தையே வரவழைக்கும்.

ஏ2 தம்பி, மதியம் 1.20
மணிக்கு ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். வாந்தி நின்றுவிட்டது, ஈறும் சிவந்துவிட்டது. மறுபடியும் ஒவ்வாமை எழக்கூடும் என்பதால் மாலை வரை அங்கேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

தரைத்தளப் பெரியவர், 1.26
மிக நிம்மதி, தம்பி. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன். யாரும் புகை போட முயல வேண்டாம். தீயணைப்புத் துறையினரிடம் பேசிவிட்டேன், அவர்கள் வந்து பார்க்கும்வரை கதவு திறக்கப்படாது.