செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தபின் கைவிடப்பட்ட பெரியவர்கள்: ஆர்.டி.ஓ. விசாரணைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

தஞ்சைப் பக்கத்திலிருந்து:

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் "கேஸ் போட்டா என் ஆயுசுக்குள்ள முடியுமா?" என்று கேட்கிற பெரியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெரியம்மாவோடு கூடப் போனதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். யாருக்காவது பயன்படட்டும்.

பெரியப்பா இறந்த பிறகு, பெரியம்மா தன் பெயரில் இருந்த வீட்டையும் கொஞ்சம் நஞ்சையையும் மகனுக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்குக் கைமாற்றும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். பட்டா மாறும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு சாப்பாடு, மருந்து எல்லாவற்றுக்கும் கையேந்த வேண்டியதாகிவிட்டது. சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போட்டுக்கொள்வார்.

பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று முதலில் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். எழுதிக் கொடுத்தவர் மட்டும் வந்து ரத்துப் பத்திரம் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் குற்றமில்லை, உயர் நீதிமன்றத் தீர்ப்பே அப்படித்தான் இருக்கிறது. சிவில் கோர்ட் என்றால் எத்தனை வருஷம் ஆகுமோ என்று பயமாக இருந்தது. அப்போது ஊரில் ஒரு டீச்சர்தான் "ஆர்.டி.ஓ.கிட்ட மனு கொடுங்க" என்றார். வண்டி லைசென்ஸ் தரும் ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். வருவாய்க் கோட்டாட்சியர். இந்தச் சட்டப்படி தீர்ப்பாயம் அவர்தான். அவருக்கு மேலே முறையீடு கலெக்டரிடம்.

மனு வெள்ளைத்தாளில் எழுதியதுதான். 60 வயது ஆனதற்கு ஆதார் நகல், பத்திர நகல், வில்லங்கச் சான்று, மருந்துச் சீட்டுகள் இணைத்தோம். வக்கீல் வைக்கவில்லை. பெரியவர்கள் தாங்களே போய்ப் பேசலாம் என்பதுதான் இந்தச் சட்டத்தின் பெரிய பலம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தது, ஆனாலும் வருஷக்கணக்கில் போகவில்லை.

விசாரணையில் அதிகாரி பெரியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "மாத்திரை வாங்க அவன் கையை எதிர்பார்த்து நிக்கக் கூடாது சார். வேற ஒண்ணும் வேணாம்" என்றார் பெரியம்மா. பெரியம்மாவின் மகன், அதாவது அண்ணன் தரப்பில் ஒரே வாதம்தான்: பத்திரத்தில் 'பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையே இல்லை, பிறகு எப்படி ரத்து செய்வீர்கள்?

அவர் கேட்டதிலும் சட்டம் இருந்தது. இந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை ரத்து செய்வதைப் பற்றித்தான் பேசுகிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படி நிபந்தனை இருக்க வேண்டும் என்றே சொல்லியிருந்தது. ஆனால் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், இது பெரியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அடுத்து மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுத்தார் என்றாலே, கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் அடக்கம், தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்று. அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். பெரியம்மாவின் பத்திரத்திலும் "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும்" என்றுதான் ஆரம்பம்.

பத்திரம் ரத்து என்று உத்தரவு வந்தது. அதோடு வேலை முடிந்துவிடவில்லை. உத்தரவு நகலை சார் பதிவாளரிடம் கொடுத்து வில்லங்கத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். பட்டாவுக்குத் தனியாக மனு போட வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் நடுவில் யாருக்காவது விற்றுவிட வழி இருக்கிறது.

அரசாங்கத்திடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023-ல்தான் இந்த உச்சவரம்பை ஏற்றினார்கள். இவ்வளவு வாங்குகிறவர்கள், கைரேகை வைக்கும்போது "உங்களைப் பராமரிக்கணும்னு நிபந்தனை சேர்க்கணுமா?" என்று அந்தப் பெரியவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கலாமே! போட்டோ எடுக்கிறார்கள், ஆதார் பார்க்கிறார்கள், இதையும் கேட்டால் என்ன?

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவர்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அவருடைய சொத்து யார் கையில் இருக்கிறதோ, அல்லது அவருக்குப் பின் யாருக்கு வருமோ, அந்த உறவினர் மேல் மனு போடலாம். நிலத்தை வாங்கிக்கொண்ட அண்ணன் மகன்மேல் போட்டோம். சமரச அலுவலர் உட்கார வைத்துப் பேசி, மாதாமாதம் பேங்கில் பணம் போட ஒப்புக்கொள்ள வைத்தார்.

கொஞ்ச காலம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. இங்கேதான் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பாக்கிக்கு வாரன்ட் கேட்பதென்றால், அந்தத் தொகை தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். உறவாச்சே என்று பொறுத்துக்கொண்டே போனால் பழைய பாக்கி போய்விடும். பணம் கட்டாத ஆளை ஒரு மாதம் வரை சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைச் சொன்னதும் பணம் வந்துவிட்டது.

இன்னொன்று, மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்ற வரம்பு. 2007-ல் சரியாக இருந்திருக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு இன்றைக்கு அது எந்த மூலைக்கு? வரம்பை எடுக்க 2019-ல் மக்களவையில் மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை.

சென்னையிலிருந்து:

மேலே எழுதியவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மருமகள் பக்கமும் யாராவது சொல்ல வேண்டும். கணவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். என்னை வெளியேற்ற மாமனார் பெயரில் இதே சட்டத்தில் மனு வந்தது. மனுவை எழுதியவர் கணவர்தான் என்று எனக்குத் தெரியும். கையில் குழந்தையோடு எங்கே போவேன்? சட்ட உதவி மையத்தில் ஒரு அக்காதான் வழி சொன்னார். பெங்களூரு வழக்கு ஒன்றில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைச் சட்டப்படி பெண்ணுக்கு உள்ள குடியிருக்கும் உரிமையை மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டிப் பறித்துவிட முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதை வைத்துத்தான் வாதாடினேன். மாமியாருக்கு இன்றும் மருந்து எடுத்துக் கொடுப்பது நான்தான். விசாரிக்கும் அதிகாரிகள், மனு கொடுத்த பெரியவரிடம் பிள்ளைகள் யாரும் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும். உண்மை அப்போதுதான் வரும்.

நெல்லையிலிருந்து:

நான் ஆவண எழுத்தர். இங்கே எல்லோரும் பிரச்சினை வந்த பிறகு நடந்ததை எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போதே செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன்.

உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படி இல்லை, பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். பிள்ளைகள் அவசரப்படுத்துவது செட்டில்மென்டுக்குத்தான், பேங்கில் லோன் வாங்க அதுதான் உதவும். சரி, அப்படியே எழுத வேண்டி வந்தால், வீட்டில் கடைசிவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் ஆயுள்கால அனுபவ உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு எழுதலாம். அதோடு உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் நான்கையும் பெயர் சொல்லி எழுதி, தவறினால் 23-வது பிரிவின்படி ரத்து செய்யலாம் என்று சேர்த்துவிட்டால், 2022 தீர்ப்பா 2025 தீர்ப்பா என்ற விவாதத்துக்கே போக வேண்டாம். இதற்குக் கூடுதல் கட்டணம் எதுவும் கிடையாது.

"பெத்த புள்ளைகிட்ட போய் நிபந்தனையா?" என்று அம்மாக்கள் கூச்சப்படுவார்கள். நான் அந்தப் பத்தியை எழுதிவிட்டுத்தான் பிள்ளையிடம் வாசித்துக் காட்டுவேன். "அம்மாவைப் பார்த்துக்க மாட்டேனா, தாராளமா எழுதுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகள்தான் அதிகம். அதை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று யாராவது சொன்னால், அன்றைக்குப் பத்திரம் பதிய வேண்டாம் என்று அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.