பாட்டி வீட்டுக் குழு: கவிதா ஏன் போராட்டத்துக்குப் போகிறாள்

சனிக்கிழமை இரவு

சித்தி: கவிதா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஒப்பந்த நர்ஸ்கள் உட்காரப் போகிறீர்களாமே? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். உங்கள் அம்மாவைக் கேட்டால் "அவளையே கேள்" என்று போனை வைத்துவிட்டாள்.

கவிதா: ஆமாம் சித்தி. ஞாயிறு நைட் டூட்டி முடிந்ததும் நேராக அங்கேதான்.

அம்மா: வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொன்னேன். கேட்டால்தானே.

மாமா: ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே கவிதா. போன வருஷம் ஆத்தாவை ஜிஎச்சில் சேர்த்திருந்தோம். ராத்திரி டிரிப் முடிந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது, நான் வராந்தா முழுக்க ஓடியும் சிஸ்டர் வர அரை மணி நேரம் ஆனது. உள்ளே இருக்கும்போதே இந்த நிலைமை. நீங்களும் வெளியே போய் உட்கார்ந்தால் காசு இல்லாதவன் எங்கே போவான்? வசதி உள்ளவன் பிரைவேட்டுக்குப் போய்விடுவான்.

கவிதா: கோபமே இல்லை மாமா, எல்லோரும் கேட்கிற கேள்விதான், கேட்கவும் வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் போகிறோம். அன்றைக்கு அந்த சிஸ்டர் தூங்கிக்கொண்டிருந்திருக்க மாட்டார், வேறொரு கட்டிலில் யாருக்காவது மூச்சுத் திணறியிருக்கும், இல்லை புது அட்மிஷன் வந்திருக்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர். என் வார்டில் ராத்திரி நாற்பது பேருக்கு நான் ஒருத்தி. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை இதில் சேர்க்கவில்லை. ஊசி, மருந்து, பிபி பார்ப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, இதற்கு நடுவில் ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர்களுக்குப் பத்து மணி மருந்து பன்னிரண்டுக்குத்தான் போகும். எனக்கு ராத்திரி முழுக்க பயமாக இருக்கும் மாமா, யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று.

கவிதா: இன்னொன்று. ஐசியு, பிரசவ வார்டு, எமர்ஜென்சி, டயாலிசிஸ், பச்சிளம் குழந்தை வார்டு, இங்கெல்லாம் டூட்டி உள்ளவர்கள் யாரும் வரவே கூடாது என்று சங்கத்தில் முடிவு எடுத்திருக்கிறோம். அவர்கள் கருப்பு பேட்ஜ் மட்டும் குத்திக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஆஃப் உள்ளவர்களும் நைட் முடித்தவர்களும்தான் உட்காருகிறோம்.

மாமா: அது சரி. அதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியவில்லை.

சித்தி: டிவியில் சம்பளம் சம்பளம் என்றுதானே காட்டுகிறார்கள்.

கவிதா: சம்பளமும்தான் சித்தி, அதை மறைக்க என்ன இருக்கிறது. எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைக்கும் தேர்வை எழுதி மார்க் வாங்கி, இடஒதுக்கீடு பார்த்து, வரிசைப்படிதான் எங்களை எடுத்தார்கள். யாரும் சிபாரிசில் வரவில்லை. 2015இல் தேர்வு எழுதி வந்த சீனியர் அக்காக்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படி எதுவும் இல்லாத மொத்தச் சம்பளம். இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். ஆகவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள். அப்புறம்தான் அது 14,000 ஆனது. இப்போது 18,000. அதே வார்டு, அதே யூனிஃபார்ம், அதே நைட், ஆனால் பக்கத்தில் நிற்கிற நிரந்தர நர்ஸ் என்னைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் வாங்குவதுதான் நியாயமான சம்பளம்.

நாகர்கோவில் அண்ணி: பேறுகால விடுப்புக்குக்கூட கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்ததே. ஒப்பந்த நர்ஸ்களுக்கும் மகப்பேறு நலச் சட்டம் பொருந்தும் என்று 2025இல்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. பிரசவம் பார்க்கிறவளுக்கே பிரசவ லீவு இல்லை என்றால் என்ன சொல்வது.

பெரியப்பா: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா கவிதா, நீ கேட்பது நியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தோம். பென்ஷனிலும் மற்ற சலுகைகளிலும் கை வைத்தார்கள் என்பதற்காக. அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டம் பாய்ந்தது. ஒரே வீச்சில் 1,70,000 பேரை டிஸ்மிஸ் செய்தார்கள். தலைவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது என்று ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கடிதமும் இனி செய்ய மாட்டேன் என்று உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். உன் பெரியம்மா அந்த மாதம் நகையை அடகு வைத்துத்தான் குடும்பத்தை ஓட்டினாள். நான் நிரந்தர ஊழியன், எனக்கே அந்தக் கதி. நீ கான்ட்ராக்ட். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு கொரோனா நர்ஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்பது உனக்கே தெரியும்.

அம்மா: இதைத்தான் நானும் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள் இந்த வீட்டில்.

கவிதா: பெரியப்பா, அந்தக் கொரோனா நர்ஸ்களில் இரண்டு பேர் என்னோடு பிபிஇ கிட் போட்டு வேலை பார்த்தவர்கள். அவர்களை அனுப்பியபோது யாரும் வேலைநிறுத்தம் செய்திருக்கவில்லை. சும்மா இருந்தவர்களுக்கும் வேலை போனது. அதனால்தான் சும்மா இருந்தால் பத்திரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பிரபு அண்ணன், நியூஜெர்சி: இங்கே காலை, இப்போதுதான் எல்லாம் பார்த்தேன். கவிதா, நீ மாமாவுக்கு எழுதியதைப் படித்ததும் 2023 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்ததுதான் ஞாபகம் வந்தது. மவுன்ட் சினாய், மான்டிஃபியோர் என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 7,000 நர்ஸ்கள் மூன்று நாள் வாசலில் நின்றார்கள், நல்ல குளிர். என் ஆபீஸ் நண்பனின் மனைவி அதில் ஒருவர். மூன்று வருஷத்தில் 19.1 சதவீத சம்பள உயர்வு என்று நிர்வாகம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்பதை ஒப்பந்தத்தில் எழுது, குறைத்தால் என்ன தண்டனை என்றும் எழுது என்று நின்றார்கள், வாங்கினார்கள்.

மாமா: தண்டனையா? யாருக்கு?

பிரபு அண்ணன், நியூஜெர்சி: மருத்துவமனைக்கு மாமா. ஆள் குறைவாக வைத்தால் நடுவர் விசாரித்து, அந்த ஷிஃப்டில் வேலை பார்த்த நர்ஸ்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம். அதே வருஷம் மவுன்ட் சினாயில் பச்சிளம் குழந்தை ஐசியு நர்ஸ்களுக்கு 1,27,000 டாலர் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆள் போடாமல் மிச்சம் பிடிப்பதைவிட ஆள் போடுவதே லாபம் என்று நிர்வாகமே நினைக்க வேண்டும், அதுதான் கணக்கு. இன்னொன்று, இங்கே மருத்துவமனையில் வேலைநிறுத்தம் என்றால் 10 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம். அந்த நேரத்தில் நோயாளிகளை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள். நீங்களும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்களா?

கவிதா: கொடுத்திருக்கிறோம் அண்ணா, டீன், ஜேடி (இணை இயக்குநர்), கலெக்டர் மூன்று பேருக்கும். முத்திரையோடு நகல் இருக்கிறது.

பெரியப்பா: நல்லது. அந்த நகலை யாரிடமும் கொடுக்காதே, போட்டோ எடுத்து இந்தக் குழுவிலும் போட்டு வை.

நாகர்கோவில் அண்ணி: நான் திருவனந்தபுரத்தில் பிரைவேட்டில் வேலை பார்த்தவள், அதனால் சொல்கிறேன். கேரளாவில் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் சங்கம் கட்டியது 2011இல்தான். அதற்கு முன்னால் சர்டிஃபிகேட்டை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளும், பாண்ட் என்பார்கள், வேலையை விட்டால் பணம் கட்டு என்பார்கள். 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைத்த கமிட்டி 2016இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்துவிட்டது என்று மாநிலங்கள் தானாகக் கொடுத்தனவா? 2017 ஜூலையில் கேரள முதல்வர் கூப்பிட்டுப் பேசி, குறைந்தபட்சம் 20,000 என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம். அதைச் சட்டப்படி அமலாக்கும் அரசு அறிவிக்கை வரவே இல்லை. 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு ஆயிரக்கணக்கில் நடந்தே வருகிறோம் என்று தேதி வைத்த பிறகு, அதற்கு முந்தின நாள் ராத்திரி அறிவிக்கை வந்தது. அறிவித்ததற்கும் காகிதத்தில் வந்ததற்கும் நடுவில் ஒன்பது மாதம். அதனால் கவிதா, மேடையில் யார் என்ன சொன்னாலும் எழுந்து வந்துவிடாதீர்கள்.

பெரியப்பா: அண்ணி சொல்வதுதான் விஷயம். இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

ஞாயிறு காலை

பெரியப்பா: கவிதா, நீங்கள் கேட்கும் பணி நிரந்தரத்தைச் சுகாதாரத் துறை மட்டும் நினைத்தால் கொடுக்க முடியாது. நிரந்தரப் பணியிடம் இருந்தால்தான் அதில் ஆளை வைக்க முடியும். புதுப் பணியிடம் உருவாக்க நிதித்துறை ஒப்புதல் வேண்டும், பிறகு அரசாணை வர வேண்டும். "காலியிடம் ஏற்படும்போது படிப்படியாக" என்று பதில் சொன்னால், யாராவது ஓய்வு பெறும்வரை காத்திரு என்று அர்த்தம். அப்படி ஒவ்வொரு வருஷமும் சில நூறு பேருக்கு ஆணை கொடுத்து போட்டோ எடுப்பார்கள், மீதிப் பேர் வயதாகிக்கொண்டே இருப்பீர்கள். எனவே எத்தனை புதுப் பணியிடம், எந்தத் தேதிக்குள் அரசாணை, அதுவரை என்ன ஊதியம், இந்த மூன்றையும் கேளுங்கள். பேச்சுவார்த்தை முடிந்ததும் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்லி அதிகாரியும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். கலந்துகொண்டவர்கள் மேல் மெமோ, இடமாற்றம், ஒப்பந்த நிறுத்தம் எதுவும் கிடையாது என்று அதிலேயே ஒரு வரி வர வேண்டும். எங்களுக்கு 2003இல் அந்த வரி கிடைக்கவில்லை. "பரிசீலிக்கப்படும்" என்று முடித்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கவிதா: பெரியப்பா, இதை அப்படியே சங்கக் குழுவில் போடட்டுமா?

பெரியப்பா: போடு. என் பெயர் வேண்டாம், விஷயம் போதும். உள்ளே பேசப் போவது எத்தனை பேர்?

கவிதா: ஐந்து பேர். நானும் ஒருத்தி.

அம்மா: இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே.

கவிதா: சொன்னால் ராத்திரி தூங்க மாட்டாயே அம்மா. தனியாகப் போகவில்லை, ஐந்து பேரும் சேர்ந்தேதான் பேசுவோம், யாரையும் தனியாகக் கூப்பிட்டால் போவதில்லை என்று முடிவு.

மாமா: அந்தக் கோரிக்கை லிஸ்ட்டைக் காட்டு.

கவிதா: 1. பணி நிரந்தரம். 2. அதுவரை சம வேலைக்குச் சம ஊதியம். 3. ஊதியத்தோடு பேறுகால விடுப்பு. 4. நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ப செவிலியர். 5. இரவு டூட்டியில் பாதுகாப்பு, ஓய்வறை, கழிப்பறை.

மாமா: நாலாவதைத் தூக்கி முதலில் வை கவிதா. ஆத்தா மாதிரி ஆட்கள் படுத்திருக்கும் வீட்டில் இருப்பவன் அதைத்தான் முதலில் படிப்பான். நிரந்தரம், ஊதியம் எல்லாம் உங்கள் பிரச்சினை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவான். இது அவன் பிரச்சினை. நோட்டீஸ் அடித்து ஜிஎச் வாசலில் கொடுக்கிறீர்களா?

கவிதா: அடிக்கவில்லை மாமா. நேரமும் இல்லை, காசும் இல்லை.

மாமா: எழுதி அனுப்பு. நம் தெரு ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை திறந்திருக்கும். ஐநூறு எடுக்கிறேன். எமர்ஜென்சியும் ஐசியுவும் வழக்கம்போல் நடக்கும் என்பதை மேலே பெரிய எழுத்தில் போடு.

பெரியப்பா: எழுதியதும் எனக்கு அனுப்பு, ஒரு தடவை பார்க்கிறேன். கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார போலீஸ் அனுமதி எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் எல்லோரையும் வண்டியில் ஏற்றி மண்டபத்தில் வைத்து சாயங்காலம் விடுவார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் மண்டபத்தில் பெயர், முகவரி எழுதும்போது எதிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கவிதா: அனுமதி காலை 10 முதல் 5 வரை, எழுத்தில் இருக்கிறது.

சித்தி: உன் குட்டியை யார் பார்த்துக்கொள்வது?

கவிதா: அதைத்தான் கேட்கலாம் என்று இருந்தேன் சித்தி.

சித்தி: ஸ்கூல் விட்டதும் நான் கூட்டி வருகிறேன். ராத்திரிச் சாப்பாடும் இங்கேதான். நீ பேசி முடித்துவிட்டு வா, அவசரப்படாதே.

பிரபு அண்ணன், நியூஜெர்சி: நியூயார்க் ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கையை எப்படி எழுதினார்கள் என்று நண்பனின் மனைவியிடம் கேட்டு, தமிழில் சுருக்கமாக எழுதி இன்று ராத்திரிக்குள் உனக்குத் தனியாக அனுப்புகிறேன். பேசும்போது கையில் வைத்துக்கொள்.

கவிதா: சரி அண்ணா. நோட்டீஸ் வரைவு இதோ மாமா: "பொதுமக்களுக்கு, அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை, பிரசவம், டயாலிசிஸ் பிரிவுகள் வழக்கம்போல் இயங்கும். இரவில் நாற்பது நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற நிலை மாற வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை." இதுவரை எழுதியிருக்கிறேன், மீதியை வார்டு ரவுண்ட்ஸ் முடிந்ததும் அனுப்புகிறேன்.

பெரியப்பா: நன்றாக இருக்கிறது. கவுன்சில் சொல்லும் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போடு.