சென்னைக் கடற்கரைப் பகுதியில் பால்கனித் திரை: மழை புகாத பி.வி.சி. துணியா, வலைத்துணியா?

கீழ்வானம்:
திருவான்மியூரில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறோம். ஹாலை ஒட்டிய பால்கனி கிழக்கே கடலைப் பார்த்தது. படுக்கையறைப் பால்கனி மேற்கே திறந்திருக்கிறது. இரண்டும் பத்தடி அகலம், எட்டடி உயரம். கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் படுக்கையறையில் இருக்க முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து சாரல் அடித்து ஹால் கதவின் மரச்சட்டம் ஊறிவிடுகிறது. கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே துணியாக, மழை புகாத பி.வி.சி. பூச்சுத் துணியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வெளியே தெரியும் நிறம் வெளிர் சாம்பலாகவோ மணல் நிறமாகவோதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி. அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நனையாவீடு:
கடைக்காரர் சொன்னதையே செய்யுங்கள். பாலியெஸ்டர் நெசவின் இருபுறமும் பி.வி.சி. பூசிய, 500 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 500 கிராம் எடைக்கு) குறையாத துணியை வாங்கி, இரு ஓரங்களும் ஜிப் வழியாக அலுமினியத் தடத்தில் ஓடும்படி பொருத்தினால், ஓரத்து இடுக்கிலும் தண்ணீர் வராது. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், வடகிழக்கிலிருந்து வரும் காற்றோடு சேர்ந்து வந்து, உங்கள் கிழக்குப் பால்கனியில் நேராக அடிக்கிறது. ஐந்தாவது மாடியில் அது மேலிருந்து விழும் மழையாக இராது, பக்கவாட்டில் பாயும். மேற்கும் தப்பாது, ஏனெனில் ஆடி, ஆவணி மாலைகளில் இடிமழை அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. வலைத்துணியைப் பரிந்துரைப்பவர்கள் இங்கே வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: துளையுள்ள துணி மழையை மறிக்காது.

காற்றுவழி:
இரண்டு பால்கனிகளுக்கும் ஒரே துணி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேற்கில் பிரச்சினை வெயில். கிழக்கில் பிரச்சினை மழை, அதுவும் ஆண்டில் சில வாரங்கள்.

மேற்கை முதலில் பார்ப்போம். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த வெயிலை மேல்மாடியின் தளமே மறைத்துவிடும். மூன்று மணிக்குப் பிறகு சாய்ந்து வரும் வெயிலை எந்தத் தளமும் மறைக்காது. அதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே தடுத்தால்தான் பயன் உண்டு. அறைக்குள் திரை போட்டால், கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பம் பெரும்பாலும் அறையிலேயே தங்கிவிடும். இந்த வேலைக்கு 3 அல்லது 5 விழுக்காடு திறப்புள்ள வலைத்துணி போதும். 5 விழுக்காடு என்றால் துணியின் பரப்பில் நூற்றில் ஐந்து பங்கு துளை என்று பொருள். நேர்வெயிலில் பெரும்பகுதி துணியிலேயே நின்றுவிடுகிறது, சூடான காற்றும் துளைகளின் வழியாக வெளியேற இடம் கிடைக்கிறது. முழுத்துணியை ஓரங்களில் ஜிப் போட்டு மூடினால், துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெந்த காற்று அடைபட்டுக் கிடக்கும். அதன் நடுவில் ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கிழக்கில் நீங்கள் இழக்கப்போவது கடற்காற்றை. மே மாதத்தில் ஒரு நாள் எவ்வளவு வேகும் என்பதைக் கடற்காற்று எத்தனை மணிக்கு ஊருக்குள் நுழைகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அது தாமதமாகும் நாட்களில்தான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தக் காற்று நுழையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் சுவரை எழுப்ப வேண்டுமா?

நனையாவீடு:
எழுப்பச் சொல்லவில்லை. மழைக்கு இறக்கி, மற்ற நேரங்களில் சுருட்டி வைக்கத்தானே திரை? மே மாதத்தில் அது மேலே சுருண்டிருக்கும், கடற்காற்று தாராளமாக வரும். மாறாக, நண்பர் சொல்லும் வலைத்துணியை இறக்கிவிட்டால் நூற்றுக்கு ஐந்து பங்கு துளையில் எவ்வளவு காற்று வந்துவிடப் போகிறது? காற்றோட்டம் என்ற பெயரில் அதன் சிறப்பை மிகைப்படுத்துகிறார்கள். மழைத்துளி வலையில் மோதிச் சிதறித் தூவானமாக உள்ளே வரும் என்பதையும் அவர் சொல்லவில்லை. காற்றழுத்தம் என்று எடுத்துக்கொண்டாலும், 5 விழுக்காடு துளையுள்ள துணி ஏறக்குறைய முழுத்துணி அளவுக்கே அடி வாங்கும்.

காற்றுவழி:
அழுத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதையே கணக்காகப் பார்ப்போம், ஏனெனில் என் வாதம் அதில்தான் நிற்கிறது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். பத்தடிக்கு எட்டடித் திரையின் பரப்பு ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால், அந்தப் பரப்பின் மீது ஏறத்தாழ 55 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. 80 கிலோமீட்டரில் அதுவே 220 கிலோவைத் தாண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் காற்று 100 கிலோமீட்டரையும் தாண்டி வீசியது. ஆகவே முழுத்துணியோ வலைத்துணியோ, பலத்த காற்று வரும்போது சுருட்டித்தான் ஆக வேண்டும். அப்படியானால், மழை மிகக் கடுமையாக அடிக்கும் நாளில், எந்த நாளை எண்ணி நீங்கள் முழுத்துணிக்குப் பணம் கொடுத்தீர்களோ அதே நாளில், அது மேலே சுருண்டிருக்கும். திரை இறங்கியிருக்கக்கூடிய மிதமான சாரலுக்கு வலைத்துணியே போதும். துளியின் வேகத்தை அது உடைத்துவிடும். தூவானம் பால்கனித் தரையை நனைக்குமே தவிர ஹால் கதவு வரை பாயாது.

மூங்கில்தட்டி:
காலங்காலமாக நம் வீடுகளைக் காத்த மூங்கில் தட்டியையும் வெட்டிவேர்த் தட்டியையும் யாரும் நினைக்கவில்லையே. விலை குறைவு, காற்று வரும், பிளாஸ்டிக்கும் இல்லை.

தையல்நூல்:
மூங்கில் தட்டி கீழ்த்தளத்துத் தாழ்வாரத்துக்கு நல்லது. ஐந்தாவது மாடியில் மழையில் நனைந்து நனைந்து கறுக்கும். பக்குவம் செய்யாத மூங்கிலை வண்டு துளைக்கும். தட்டிக்குக் கீழே மஞ்சள் மாவு போலத் தூள் உதிர்ந்து கிடந்தால் உள்ளே வண்டு வேலை செய்கிறது என்று அறியலாம். வெட்டிவேர்த் தட்டி, நீர் ஆவியாவதால் குளிர்ச்சி தருவது. வறண்ட காற்றுள்ள வேலூரில் அது தரும் குளிர்ச்சியை, ஈரம் நிறைந்த கடற்காற்றுள்ள திருவான்மியூரில் எதிர்பார்க்க முடியாது.

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்று. இருவரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். பழுதுபார்க்க வரும் திரைகளில் துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, தையல்தான் விட்டுப்போயிருக்கிறது. கீழ்க்குழாய் நுழையும் மடிப்பைப் பாருங்கள். சாதாரண நூலால் தைத்திருந்தால், சில கோடைகளில் வெயில் அந்த நூலைத் தின்றுவிடும். நகத்தால் கீறினால் பொடியாக உதிரும், அடுத்த காற்றில் குழாய் கழன்று கம்பியோடு ஊசலாடும். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூல் விலை கூடுதல், ஆனால் வெயிலுக்கு இற்றுப்போவதில்லை. பி.வி.சி. பூச்சுத் துணியானால் மடிப்பைத் தைக்காமல் வெப்பத்தால் ஒட்டவைக்கலாம்; தையல் துளை வழியாக நீர் கசியும் பேச்சே இல்லை. கடலருகே கம்பியும் திருகாணியும் 316 தர எவர்சில்வரில் கேளுங்கள். 304 உப்புக்காற்றில் விரைவாகப் பழுப்பேறும். பிடிமானங்களைக் கான்கிரீட் தளத்தில் அடிக்க வேண்டும். சுவர்ப் பூச்சில் அடித்தால் மேலே சொன்ன 55 கிலோவுக்கே பெயர்ந்து வரும்.

ஈரத்தோடு சுருட்டாதீர்கள் என்பதை இரு துணிக்கும் சேர்த்தே சொல்கிறேன். பூச்சுத் துணியில் படிந்த தூசியும் ஈரமும் சுருளுக்குள் அடைபட்டால், மறுமுறை இறக்கும்போது மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அந்தக் கறை முழுமையாகப் போவதில்லை. வலைத்துணி சீக்கிரம் காய்வதால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

கீழ்வானம்:
நால்வருக்கும் நன்றி. கடல் தெரிய வேண்டும் என்பதற்காகக் கிழக்கில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரை போடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அக்ரிலிக் துணி பற்றியும் கேள்விப்பட்டேன். நிறத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

நனையாவீடு:
ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை நானே பரிந்துரைக்க மாட்டேன். காலைவெயிலை உள்ளே விட்டுச் சூட்டை அடைத்து வைக்கும். நாளடைவில் மஞ்சளித்து விறைக்கும், சுருட்டிய தடம் வெடிப்பாக மாறும்.

காற்றுவழி:
அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அக்ரிலிக் துணியில் நூலாக இழுக்கும் முன்பே கரைசலில் நிறம் சேர்க்கப்படுவதால் நிறம் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அது நீரை உருட்டிவிடும் துணி, நீர் புகாத துணி அன்று, விலையும் அதிகம். நேராகத் தொங்கும் திரைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. நிறத்தைப் பொறுத்தவரை, வெளிர்நிற வலை வெயிலில் தானே ஒளிர்ந்து கண்ணைக் கூசும், கடல் மங்கலாகத் தெரியும். கருநிறம் சற்றுச் சூடாகும், ஆனால் வெளிக்காட்சி தெளிவாக இருக்கும். ஒருபுறம் வெளிர், மறுபுறம் கருமை என நெய்த வலைத்துணிகள் கிடைக்கின்றன. வெளிப்புறம் சாம்பலாக இருக்கும்படி போட்டால் சங்கத்துக்கும் குறையில்லை.

கீழ்வானம்:
மேற்குக்கு இருநிற வலைத்துணி, 3 விழுக்காடு திறப்பு என்று முடிவு செய்துவிட்டோம். கிழக்குக்கு இன்னும் முடிவாகவில்லை.

நனையாவீடு:
மேற்கை விட்டுக்கொடுக்கிறேன், கிழக்கை விட மாட்டேன். புயல் நாளில் சுருட்ட வேண்டும் என்பது உண்மை, ஆனால் வடகிழக்குப் பருவத்தில் புயல் நாட்கள் சிலவே. காற்று அவ்வளவு வலுக்காமல் நாள் முழுவதும் சாரலடிக்கும் நாட்கள் பல. உங்கள் கதவுச்சட்டத்தை ஊறவைப்பது அவைதான். பூச்சுத் துணியையே போட்டு, மழை விட்டதும் இறக்கியபடியே காயவிட்டுப் பிறகு சுருட்டுங்கள். எந்தத் துணி போட்டாலும் பால்கனித் தரையின் வாட்டம் வடிகுழாயை நோக்கி இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

தையல்நூல்:
ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு துணியிலும் ஒரு முழம் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, கிழக்குப் பால்கனியில் கட்டி, ஒரு சாரல் மழையில் பின்னால் நின்று பாருங்கள். தராத கடையில் வாங்க வேண்டாம்.