செல்வி அத்தையின் மடிக்கணினியும் எக்ஸ்எஃப்சிஇ முகப்பும்

குழு: நம் வீடு
ஞாயிறு, 9 நவம்பர் 2025

செல்வி அத்தை, காலை 9:12
கதிர், சென்ற ஆண்டு நீ டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போன மடிக்கணினி இப்போது மிகவும் மெதுவாகிவிட்டது. மகளிர் குழுவின் கணக்குத் தாளையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்தால் அம்புக்குறி நகரவே மறுக்கிறது. பழுது பார்க்கும் கடையில் கேட்டால், புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார்கள்.

கதிரவன், காலை 9:20
புதிது வாங்க வேண்டியதில்லை, அத்தை. உங்கள் இயந்திரத்தில் 4 ஜிபி ரேமும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. டெபியன் 12-உடன் க்னோம் என்ற முகப்பை (திரையில் நீங்கள் பார்க்கும் சன்னல், பட்டை எல்லாம் சேர்ந்ததை) போட்டுக் கொடுத்தது நான்தான். இவ்வளவு சிறிய நினைவகத்துக்கு அது பாரமாக இருக்கும் என்பதை அன்றே யோசித்திருக்க வேண்டும். இன்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால், எதையும் அழிக்காமல், அதன் பக்கத்திலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்பை நிறுவிவிடலாம்.

நிலா, காலை 9:24
அண்ணா, ஆகஸ்டிலேயே டெபியன் 13 வெளிவந்துவிட்டதே. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகவே நிறுவினால் என்ன?

கதிரவன், காலை 9:31
டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது, நிலா. முகப்பை மாற்றுவதும் பதிப்பை மாற்றுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு ஏதாவது கெட்டுப்போனால், எதனால் கெட்டது என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு என்னால் கண்டுபிடிக்க முடியாது. தவிர, லினக்ஸில் முகப்பு என்பது இயங்குதளத்தோடு ஒட்டிப் பிறந்ததல்ல. சன்னல்களுக்குச் சட்டமிட்டு நகர்த்தும் நிரல் ஒன்று, மேலே தெரியும் பட்டை ஒன்று, கோப்புகளைக் காட்டுவது ஒன்று, இவற்றையெல்லாம் உள்நுழைந்தவுடன் வரிசையாகத் தொடங்கிவைப்பது ஒன்று என்று பல சிறு பொதிகள், அதாவது தனித்தனியாக நிறுவக்கூடிய நிரல் தொகுப்புகள், சேர்ந்ததுதான் அது. லிப்ரே ஆபீஸை நிறுவுவது போலவே இதையும் நிறுவலாம். ஒரே கணினியில் இரண்டு முகப்புகள் இருக்கலாம். எதற்குள் போவது என்பதை ஒவ்வொரு முறையும் உள்நுழையும் திரையில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா, காலை 9:36
செல்வியின் கணக்குக் கோப்புகளுக்கு ஏதும் நேராது என்பதை முதலில் உறுதிப்படுத்து, கதிரவா.

கதிரவன், காலை 9:38
நேராது, பெரியப்பா. கோப்புகள் அத்தையின் ஹோம் அடைவில், அதாவது அவருடைய சொந்தக் கோப்புறையில் இருக்கின்றன. இரண்டு முகப்புகளும் அதே அடைவைத்தான் திறக்கும். ஆனாலும் அத்தை, கணக்குக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு வாருங்கள்.

நிலா, காலை 9:40
இலகுவானதுதான் வேண்டுமென்றால் எல்எக்ஸ்க்யூடி என்ற முகப்பு இன்னும் இலகுவானது இல்லையா? எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் லுபுண்டு என்ற லினக்ஸோடு அதுதான் இருக்கிறது.

கதிரவன், காலை 9:52
நல்ல தேர்வுதான். தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006-இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ என்ற முகப்பு பிற்பாடு க்யூடி என்ற நிரல் நூலகத்துக்கு மாறியபோது, ரேசர்-க்யூடி என்ற இன்னொரு திட்டத்தோடு சேர்ந்து எல்எக்ஸ்க்யூடி ஆனது. எக்ஸ்எஃப்சிஇ அந்த எல்எக்ஸ்டிஇயைவிடப் பத்து வயது மூத்தது. ஒலிவியே ஃபூர்தான் 1996-இல் தொடங்கினார். நினைவகக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் எக்ஸ்எஃப்சிஇயைத் தேர்ந்தெடுப்பதற்கு உண்மையான காரணம் வேறு: அலுவலகத்தில் நாள் முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதால், அத்தை தொலைபேசியில் கேட்கும்போது எந்தப் பட்டியலில் எத்தனையாவது வரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்.

செல்வி அத்தை, காலை 10:05
நகலெடுத்துவிட்டேன். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டையும் இணைத்துவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும்?

கதிரவன், காலை 10:07
கட்டளைகளை அடிக்கும் சன்னலான டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள். கட்டளைகளை எழுத்துப் பிழை நேராமலிருக்கப் படமாக அனுப்புகிறேன். முதல் படத்தில் இருப்பது, கிடைக்கும் பொதிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை.
[படம்]

செல்வி அத்தை, காலை 10:15
கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தேன். எனக்குச் சூடோ உரிமை இல்லை என்றும், இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்படும் என்றும் சொல்கிறது. யாருக்குத் தெரிவிப்பார்கள், கதிர்? பயமாக இருக்கிறது.

கதிரவன், காலை 10:17
அந்த நிர்வாகியும் நீங்கள்தான், அத்தை. டெபியனை நிறுவும்போது ரூட் என்ற முழு உரிமையுள்ள பயனருக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டால், சாதாரணப் பயனரை அது சூடோ குழுவில், அதாவது நிர்வாகக் கட்டளைகளை ஓட்டும் உரிமை பெற்றவர்களின் குழுவில், சேர்க்காது. அன்று நான் ரூட் கடவுச்சொல்லை வைத்துவிட்டு, உங்களைச் சேர்க்க மறந்துவிட்டேன். அந்தக் கடவுச்சொல்லை மடிக்கணினிப் பையின் உள்பக்கம் ஒரு சீட்டில் ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது படத்தில் உள்ளபடி, ரூட்டாக மாறுவதற்கான எஸ்யூ கட்டளையை அடித்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.
[படம்]

செல்வி அத்தை, காலை 10:24
உள்ளே போய்விட்டேன். திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
[படம்]

கதிரவன், காலை 10:27
சற்றுப் பொறுங்கள், அத்தை. வரியின் இறுதியில் அலைக்குறி (~) இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் ஹோம் அடைவின் பெயரே தெரிகிறது. எஸ்யூவுக்குப் பிறகு ஓர் இடைவெளியும் ஒரு சிறு கோடும் இருந்தனவே, அதை விட்டுவிட்டீர்கள். கோடு இல்லாமல் போனால் ரூட் ஆகிவிடுவீர்கள், ஆனால் ரூட்டுக்குரிய சூழல் உங்களோடு வராது. பொதிகளை நிறுவும் நிரலுக்குத் தேவையான கருவிகள் எந்த அடைவில் இருக்கின்றன என்பதே அதற்குத் தெரியாமல் பாதியில் நின்றுவிடும். எக்சிட் என்று அடித்து வெளியே வந்து, கோட்டோடு மீண்டும் உள்ளே போங்கள்.

பெரியப்பா, காலை 10:29
ஒரு கோட்டுக்கு இத்தனை மதிப்பா! ஒற்றெழுத்தை விட்டால் பொருள் மாறிவிடும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

செல்வி அத்தை, காலை 10:33
இப்போது அலைக்குறி தெரிகிறது. முதல் படத்தில் உள்ளதையும், சூடோ என்ற சொல்லை விட்டுவிட்டு அடித்துவிட்டேன்.

கதிரவன், காலை 10:36
மிகச் சரியாகச் செய்தீர்கள். மூன்றாவது படத்தில் உள்ளதுதான் முதன்மையான கட்டளை: டாஸ்க்-எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப் என்ற பொதியை நிறுவச் சொல்கிறோம். எவ்வளவு பதிவிறக்க வேண்டும் என்பதைக் காட்டிவிட்டு உங்கள் சம்மதத்துக்காக நிற்கும்.
[படம்]

நிலா, காலை 10:38
எக்ஸ்எஃப்சிஇ4 என்று ஒரு சிறிய பொதி இருக்கிறதே, அண்ணா. பரிந்துரைக்கப்படும் பொதிகள் வேண்டாம் என்ற விருப்பத்தையும் அதோடு சேர்த்தால் இன்னும் குறைவாகத்தானே இறங்கும்? இலகு, இலகு என்று சொல்லிவிட்டு நீங்கள் பெரிய பொதியைப் போடச் சொல்கிறீர்கள்.

கதிரவன், காலை 10:49
அந்தச் சிக்கனத்தை நானும் ஒரு காலத்தில் செய்து பார்த்தேன். டெபியனில் ஒரு பொதிக்குக் கட்டாயத் தேவைகள் வேறு, பரிந்துரைகள் வேறு. பரிந்துரைகளை நீக்கி நிறுவினால் முகப்பு வரும், ஆனால் வைஃபை தேர்ந்தெடுக்கும் சின்னம், மின்கலத்தின் அளவைக் காட்டும் மேலாளர், பென் டிரைவைச் செருகினால் தானாகத் திறக்கும் வசதி போன்றவை ஒவ்வொன்றாக இல்லாமல் போகும். என்ன வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அது நல்ல முறை. அத்தைக்கு டாஸ்க் பொதிதான் ஏற்றது. அவர் கேட்காத பாட்டுக் கருவி ஒன்றும் கூடவே வரும், வந்துவிட்டுப் போகட்டும். வட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் நிரல் ரேமைத் தின்பதில்லை. கணினியை மெதுவாக்குவது என்ன நிறுவியிருக்கிறோம் என்பதல்ல, எது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

செல்வி அத்தை, காலை 10:52
முந்நூறு எம்பிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. சம்மதம் கொடுத்துவிட்டேன், இறங்கிக்கொண்டிருக்கிறது.

செல்வி அத்தை, காலை 11:10
நீலத் திரை ஒன்று வந்து, ஜிடிஎம்3, லைட்டிஎம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மவுஸைச் சொடுக்கினால் எதுவும் நடக்கவில்லை.

கதிரவன், காலை 11:11
உள்நுழையும் திரையை எந்த நிரல் காட்ட வேண்டும் என்று கேட்கிறது. அங்கே மவுஸ் வேலை செய்யாது. அம்புக்குறி விசையால் லைட்டிஎம்முக்கு வந்து, டேப் விசையால் சரி என்ற பொத்தானுக்குப் போய், என்டரை அழுத்துங்கள். ஜிடிஎம் க்னோமின் பாகங்களையே தூக்கிக்கொண்டு வருவது; லைட்டிஎம் அதைவிட மெலிந்தது. பிறகு மனம் மாறினால் ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம்.

செல்வி அத்தை, காலை 11:14
தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்போது எழுத்துகள் மளமளவென்று ஓடுகின்றன.

பெரியப்பா, காலை 11:31
செல்வி, என்ன ஆயிற்று?

நிலா, காலை 11:44
அத்தையின் கைபேசிக்கும் செய்தி போய்ச் சேரவில்லை, அப்பா. ஒரே ஒரு குறிதான் தெரிகிறது.

செல்வி அத்தை, நண்பகல் 12:08
மின்சாரம் போய்விட்டது, கதிர். கைபேசியிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மடிக்கணினியின் மின்கலம் செத்து ஓர் ஆண்டாகிறது என்பதை உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தபோதே அணைந்துவிட்டது. இப்போதுதான் மின்சாரம் வந்தது. தொடவே கை வரவில்லை.

கதிரவன், நண்பகல் 12:10
நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பயப்படாமல் இயக்குங்கள், அத்தை. பழைய க்னோம் அப்படியே இருக்கும். புதிய உள்நுழைவுத் திரை வந்தாலும் பழையதே வந்தாலும் வழக்கம்போல் உள்ளே போங்கள்.

செல்வி அத்தை, நண்பகல் 12:17
பழைய திரைதான் வந்தது, உள்ளே வந்துவிட்டேன். அப்பாடா.

கதிரவன், நண்பகல் 12:19
மீண்டும் கோட்டோடு ரூட் ஆகி, நான்காவது படத்தில் உள்ள, பொதிகளை அமைக்கும் டிபிகேஜி கட்டளையை அடியுங்கள். டெபியன் ஒவ்வொரு பொதியும் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டே வேலை செய்கிறது: இது விரிக்கப்பட்டுவிட்டது, இது அமைக்கப்பட்டுவிட்டது, இது பாதியில் நிற்கிறது என்று. அதனால் நின்ற இடத்திலிருந்து தொடரும்படி அதனிடம் சொல்ல முடிகிறது. அது முடிந்ததும் மூன்றாவது படத்தில் உள்ளதையே திரும்ப அடியுங்கள். இறங்கிய பொதிகள் வட்டிலேயே காத்திருப்பதால் மறுபடியும் பதிவிறக்காது. ஏதாவது உடைந்திருப்பதாகச் சொன்னால் ஐந்தாவது படத்தில் உள்ளது சரிசெய்யும்.
[படம்] [படம்]

செல்வி அத்தை, நண்பகல் 12:46
ஐந்தாவது தேவைப்படவில்லை. எல்லாம் முடிந்து, மறுபடியும் அலைக்குறி வந்து நிற்கிறது. மறுதொடக்கம் செய்யட்டுமா?

கதிரவன், நண்பகல் 12:47
செய்யுங்கள். டெபியனின் லைட்டிஎம் இயல்பாகவே பயனர் பெயர்களைக் காட்டாது; கட்டத்தில் உங்கள் பெயரை நீங்களே அடிக்க வேண்டும். மேலே வலப்பக்கம் உள்ள சின்னத்தைச் சொடுக்கி எக்ஸ்எஃப்சிஇ அமர்வைத் தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

செல்வி அத்தை, பிற்பகல் 1:02
உள்ளே வந்துவிட்டேன்! மேலே இடது மூலையில் ஓர் எலிப் படம் இருக்கிறது. கணக்குத் தாளையும் பிரவுசரையும் திறந்துவிட்டேன், அம்புக்குறி நான் சொன்ன இடத்துக்குப் போகிறது. நீ முன்பு சொல்லிக் கொடுத்த, நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஃப்ரீ கட்டளையைக் காலையில் க்னோமில் எதையும் திறக்காமல் ஓட்டியபோது, பயன்பாட்டில் 1.3 ஜிபி என்றது. இங்கே அதே நிலையில் 650 எம்பிதான் காட்டியது.

கதிரவன், பிற்பகல் 1:05
அந்த எலிதான் அவர்களுடைய சின்னம், அத்தை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நாம் மிச்சப்படுத்தியது முகப்பு தின்றதை மட்டும்தான். பிரவுசரில் இருபது தாவல்களைத் திறந்துவைத்தால் எந்த முகப்பும் உங்களைக் காப்பாற்றாது.

செல்வி அத்தை, பிற்பகல் 1:20
ஒரு குறை. குழு உறுப்பினர்களின் பெயர்களை எழுதப் போனால் தமிழ் வரவில்லை, ஆங்கிலம்தான் வருகிறது. படிப்பதற்குத் தமிழ் நன்றாகவே தெரிகிறது.

கதிரவன், பிற்பகல் 1:31
படிப்பதற்கு எழுத்துரு போதும், அது ஏற்கெனவே இருக்கிறது. எழுதுவதற்கு ஐபஸ் என்ற நிரல் பின்னணியில் ஓட வேண்டும். க்னோம் அதைத் தானே தொடங்கிவைத்துக்கொள்ளும், அதனால்தான் இத்தனை நாள் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்எஃப்சிஇயில் நாம்தான் சொல்ல வேண்டும். ஆறாவது படத்தில் உள்ள ஐஎம்-கான்ஃபிக் கட்டளையை ரூட் ஆகாமல், உங்கள் பெயரிலேயே ஓட்டிவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பட்டையில் ஐபஸ் சின்னம் வந்ததும் அதன் விருப்பங்களில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விசைப்பலகையைத் தரும் எம்17என் பொதியைச் சென்ற ஆண்டே போட்டிருக்கிறேன்.
[படம்]

செல்வி அத்தை, பிற்பகல் 1:50
இருக்கிறது. சரசுவதி, முத்துலட்சுமி, பாக்கியம் மூவரையும் ஏற்றிவிட்டேன்.

பெரியப்பா, பிற்பகல் 1:54
அப்படியானால் பழைய க்னோமை இனி எதற்கு வைத்திருக்க வேண்டும், கதிரவா? அதை எடுத்துவிட்டால் இடமாவது மிச்சமாகுமே.

கதிரவன், பிற்பகல் 2:06
இன்று வேண்டாம், பெரியப்பா. நான் ஒருமுறை எக்ஸ்எஃப்சிஇயைச் சிக்கனமாக நிறுவிவிட்டு, மறுநாளே க்னோமை நீக்கி, தேவையற்றவற்றைத் தானே நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையையும் பட்டியலைப் படிக்காமல் ஓட்டினேன். க்னோமுக்காக வந்த பொதி என்ற கணக்கில், இணைய இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. வைஃபை போய்விட்டது, அதைத் திரும்பப் போட இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும். கடைசியில் கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, முகவரியைக் கையால் கேட்டு வாங்கித்தான் மீண்டேன். அத்தையின் வட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மாதம் புழங்கட்டும். பொங்கலுக்கு வரும்போது பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு நானே நீக்குகிறேன். வரும்போது புது மின்கலமும் வாங்கி வருகிறேன்.

செல்வி அத்தை, பிற்பகல் 2:15
மின்கலத்தை மறந்துவிடாதே. ஆறு கட்டளைகளையும் குழுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன், கதிர்.

கதிரவன், பிற்பகல் 2:16
எஸ்யூவுக்குப் பிறகு வரும் கோடு?

செல்வி அத்தை, பிற்பகல் 2:17
சிவப்பு மையில் போட்டிருக்கிறேன்.