‘மெய்யழகன்’: 18 நிமிடங்களை நீக்கியது சரியா?

மயிலை ரசிகன்:
பிரேம்குமார் இயக்கிய ‘மெய்யழகன்’ திரைப்படத்தை, வெளியான 2024 செப்டம்பர் 27 அன்றே பார்த்தேன். அப்போது அது 2 மணி 57 நிமிடம் ஓடியது. படம் நீளம் என்ற பேச்சு கிளம்பியதும், சில நாட்களிலேயே இயக்குநர் அறிக்கை வெளியிட்டு, ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகளை நீக்கிவிட்டார். குறைக்கப்பட்ட வடிவத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை என் பெற்றோருடன் பார்த்தேன். நீக்கியிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996இல் சென்னைக்கு வந்த அருள்மொழி (அரவிந்த்சாமி), பல ஆண்டுகள் கழித்து ஓர் உறவுப் பெண்ணின் திருமணத்திற்காக நீடாமங்கலம் செல்கிறார். தலையைக் காட்டிவிட்டு இரவே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். பேருந்தைத் தவறவிட்டு, “அத்தான், அத்தான்” என்று சுற்றிச் சுற்றி வரும், பெயர்கூட நினைவுக்கு வராத ஓர் உறவினர் (கார்த்தி) வீட்டில் தங்க நேரிடுகிறது. அந்த இரவின் நீளம்தான் படமே. இப்போது திரையில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடுகிறது.

அண்ணாநகர் பார்வையாளர்:
நண்பரே, நீங்கள் சொன்ன கதையில் எந்தப் பகுதி இப்போது இல்லை என்று சொல்லுங்கள். மணமேடையில் மணப்பெண் புவனாவின் காலில் அரவிந்த்சாமி கொலுசு அணிவிக்கும் காட்சி அப்படியே இருக்கிறது. அருள்மொழி விட்டுச்சென்ற பழைய மிதிவண்டியால் அந்தக் குடும்பம் தலையெடுத்த கதையும், பெயர் தெரியாத குற்ற உணர்வில் அவர் விடியற்காலையில் சொல்லாமல் கிளம்பிவிடுவதும் இருக்கின்றன. போனவை பெரும்பாலும் ஜல்லிக்கட்டையும் கரிகாலன் காலத்துப் போரையும் ஒட்டிய பகுதிகள். அவற்றை நானும் முதல் வாரத்திலேயே பார்த்தேன். அதுவரை அத்தானின் தட்டில் சோறு குறைகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்த மனிதர், திடீரென்று மேடைப் பேச்சாளராகிவிட்டார். வாய் கார்த்தியுடையது, குரல் இயக்குநருடையது. பாத்திரத்தை மறந்து இயக்குநர் பேசத் தொடங்கும் இடத்தில் கத்தரி விழுந்தால், அது படத்திற்குச் செய்த நன்மையே தவிர துரோகம் அன்று.

பெரம்பூர் வாசகி:
இருவரும் கலையைப் பற்றியே பேசுகிறீர்கள். திரையரங்கக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 177 நிமிடப் படத்தோடு விளம்பரங்களும் இடைவேளையும் அரங்கைத் துப்புரவு செய்யும் நேரமும் சேர்ந்தால், ஒரு காட்சிக்கு மூன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. நாளொன்றுக்கு நான்கு காட்சிகளை நெருக்கியடித்து ஓட்டும் அரங்குகளுக்கு 18 நிமிடம் என்பது கலைப் பிரச்சினை அன்று. மாலை ஏழரை மணிக் காட்சிக்குப் போனவர் வெளியே வரும்போது மணி பதினொன்றை நெருங்கிவிடும். கடைசி மெட்ரோ ரயிலுக்கு ஓட வேண்டும். கதாநாயகன் பேருந்தைத் தவறவிட்டதை ரசித்துவிட்டு, நாம் ரயிலைத் தவறவிட்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியதுதான்!

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சான்றிதழ் பெற்ற படத்தில் எதை நீக்கினாலும் தணிக்கை வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. முதல் வாரம் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் வெவ்வேறு படங்களைப் பார்த்துவிட்டு ஒரே பெயரில் சண்டையிடுகிறோம்.

மயிலை ரசிகன்:
அண்ணாநகர் நண்பர் கரிகாலனைத் தொட்டதால் அதற்கே வருகிறேன். கதை நடக்கும் நீடாமங்கலத்திற்குப் பக்கத்தில்தான் கோயில்வெண்ணி இருக்கிறது. கரிகாலன் வென்ற வெண்ணிப் போர்க்களம் அதுவே என்பார்கள். அந்தப் போரைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், புறநானூற்றின் 66ஆம் பாடலில் வென்ற சோழனை அவன் முகத்துக்கு நேரே பாராட்டிவிட்டு, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு இருந்து) உயிர்விட்ட சேரன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று கேட்டுவிடுகிறார். தோற்றவனின் நாணத்தைப் பெரிதாக மதித்த மண் அது. வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன ஒருவர் அதே மண்ணுக்குத் திரும்பி வந்து, தன்மேல் அன்பைக் கொட்டியவரின் பெயர் தெரியவில்லையே என்ற வெட்கத்தில் இருட்டோடு இருட்டாக ஓடுகிறார் என்றால், அங்கே கரிகாலன் பேச்சு வந்தது எனக்கு வெறும் மேடைப் பேச்சாகத் தோன்றவில்லை. மேலும், அந்த உறவினர் காளையையும் மண்ணையும் அத்தானையும் ஒரே மூச்சில் நேசிப்பவர். அவரை அளவாகப் பேச வைத்தால், விருந்துக்கு அழைத்துவிட்டு இலையில் பாதியோடு நிறுத்துவது போலாகும்.

அண்ணாநகர் பார்வையாளர்:
வெண்ணிக் குயத்தியாரை நினைவூட்டியதற்கு நன்றி, அழகான வாசிப்புதான். ஆனால் அது உங்கள் வாசிப்பு. நான் பார்த்த காட்சி வீரத்தைப் பற்றிப் பேசியது; தோற்றவனின் நாணத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தச் சேரனின் வெட்கத்தை அருள்மொழியின் வெட்கத்தோடு ஒரு வரியிலாவது முடிச்சுப் போட்டிருந்தால், அதை நீக்க யாருக்கும் கை வந்திருக்காது. நமக்குள்ள சங்க இலக்கியப் பயிற்சியால் இயக்குநர் விட்ட இடைவெளிகளை நிரப்பிவிட்டு, அந்தப் பெருமையைப் படத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நீளத்தைக் குறைத்தால் எந்தப் படமும் தேறிவிடும் என்று நான் சொல்லவும் இல்லை. ஜூலை மாதம் ‘இந்தியன் 2’ படத்திலும் ஏறத்தாழ 12 நிமிடம் நீக்கினார்கள். அதனால் யாருடைய கருத்தும் மாறியதாகத் தெரியவில்லை. இங்கே அடியில் நல்ல படம் ஒன்று இருந்தது. அதனால்தான் நீக்கியது பலன் தந்தது.

பெரம்பூர் வாசகி:
கடிகாரத்தை வைத்து நீளத்தை அளக்க முடியாது என்பதற்கு ஆகஸ்டில் வந்த ‘கொட்டுக்காளி’யே சாட்சி. ஏறத்தாழ 100 நிமிடப் படம் அது. பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோவில் ஒரு குடும்பம் போகும் பயணத்தை அதன் போக்கிலேயே காட்டுகிறது. எனக்கு அது போன வேகம் தெரியவில்லை, பின்வரிசையில் இருந்தவரோ “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று வாய்விட்டே கேட்டார். அவருக்காக அதன் இயக்குநர் வினோத்ராஜ் 18 நிமிடத்தை நீக்கியிருந்தால் மயிலை நண்பரோடு சேர்ந்து நானும் கொடி பிடித்திருப்பேன். ‘மெய்யழக’னுக்காகக் கொடி பிடிக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பேச்சு வந்தபோது நானும் கைப்பேசியில் மணி பார்த்தேன். அது இருக்கட்டும், மயிலை நண்பரே, உங்கள் பெற்றோர் என்ன சொன்னார்கள்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மயிலை ரசிகன்:
அம்மா இடைவேளைக்கு முன்பே அழத் தொடங்கிவிட்டார். அப்பா வீடு வந்து சேரும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பேர் தெரியலைன்னா அந்த வீட்டுப் பொண்ணுகிட்டக் கேட்டிருக்கலாமே, எதுக்கு ஓடிவரணும்?”

அண்ணாநகர் பார்வையாளர்:
பார்த்தீர்களா! உங்கள் தந்தையார் பார்த்தது குறைக்கப்பட்ட படம். போரும் காளையும் இல்லாமலேயே அவர் கேள்வி நேராகக் கதையின் நடுப்புள்ளியில் போய் நிற்கிறது. என் கட்சிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மயிலை ரசிகன்:
இல்லை நண்பரே. முழு இரவையும் அந்த வீட்டில் கழித்திருந்தால், அவர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார். அவ்வளவு அன்புக்குப் பிறகு அந்த வீட்டில் யாரிடமும் பெயர் கேட்க முடியாது என்பது அவருக்கே புரிந்திருக்கும்.